பாக்கு நீரிணை நீச்சலும் பயிற்சி முறைகளின் வரலாறும்

பாக்கு நீரிணை நீச்சல் என்பது இலங்கையின் வடக்கு, வடமேற்குக் கரைகளுக்கும் தமிழ்நாட்டுக் கரைக்கும் இடையிலுள்ள கடற்பரப்பை நீந்திக் கடக்கும் நெடுந்தொலைவு நீச்சலாகும். 1954-இல் யாழ்ப்பாணம் தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி, 1966-இல் வங்காளத்தைச் சேர்ந்த மிகிர் சென், 1971-இல் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன், 1994-இல் தமிழ்நாட்டின் குற்றாலீசுவரன், 2021-இல் இலங்கை விமானப்படையின் ரொசான் அபேசுந்தர ஆகியோர் இதைக் கடந்தவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள்.

இவர்களின் சாதனைகளுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் நீச்சல் பயிற்சியை வகுக்கும் முறை பெரிதும் மாறியது. தொடக்கத்தில் எவ்வளவு நேரம் நீரில் இருக்க முடிகிறது என்பதே பயிற்சியின் கடுமைக்கு அளவுகோலாக இருந்தது. பின்னர் வேகம், இடை ஓய்வு, நீரின் வெப்பநிலை, தரையில் செய்யும் உடற்பயிற்சி, போட்டிக்கு முந்தைய ஓய்வு ஆகியவையும் கணக்கில் சேர்ந்தன. இந்த மாற்றம் நீந்துபவரின் உயிரோடும் தொடர்புடையது. ஒரு கடலை வெல்லப் போதுமான பயிற்சி வேறொரு கடலுக்குப் போதாமல் போகலாம்.

நீரிணையும் பருவமும்

பாக்கு நீரிணை, 18-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. இது ஆழம் குறைந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் வீசும் மாதங்களில் நீரோட்டம் திசை மாறி வலுவாக ஓடும். இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். நவரத்தினசாமியும் ஆனந்தனும் மார்ச்சிலும், மிகிர் சென்னும் ரொசான் அபேசுந்தரவும் ஏப்ரலிலும் நீந்தியது இதனால்தான்.

நீந்துபவர்கள் இரண்டு வழிகளைப் பயன்படுத்தியுள்ளனர். ஒன்று வல்வெட்டித்துறைப் பகுதியிலிருந்து கோடியக்கரைக்குச் செல்வது. மற்றொன்று தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்வது. இரண்டாவது வழி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இந்த மாதங்களில் நீரின் வெப்பநிலை 28 பாகை செல்சியசை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். குளிரால் தொல்லை இல்லை. வெயில், வாயில் ஏறும் உப்பு, சொறிமீன்கள் (ஜெல்லி மீன்கள்), இரவில் திசை தெரியாமை, குறுக்கே இழுக்கும் நீரோட்டம் ஆகியவையே இங்குள்ள இடர்கள். பயிற்சியும் இவற்றை எதிர்கொள்ளும் வகையில் அமைய வேண்டியிருந்தது.

கிணறு, ஏரி, கடல்

தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் நீச்சல் கற்பதற்குத் தனி இடம் இருந்ததில்லை. பாசனக் கிணறும் ஏரியும் கோயில் குளமுமே கற்கும் இடங்கள். விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற மரக்காணத்தையும், உள்ளே தள்ளியுள்ள பிரம்மதேசம் போன்ற ஊர்களையும் எடுத்துக்கொண்டால், சில கிலோமீட்டர் தொலைவுக்குள் நன்னீர், கழிமுகத்து உவர்நீர், கடல்நீர் என மூன்று வகை நீரும் உள்ளன. பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் மரக்காணம்தான்.

இந்த வேறுபாடு பயிற்சியில் முக்கியமானது. ஒரு கன மீட்டர் நன்னீரின் எடை ஏறத்தாழ 1000 கிலோகிராம். கடல்நீரின் எடை ஏறத்தாழ 1025 கிலோகிராம். உப்பு மிகுந்த நீர் உடலைச் சற்று உயர்த்தித் தாங்கும் என்பதால், ஏரியில் கால் தாழ்ந்து நீந்துபவருக்குக் கடலில் கால் எளிதில் மேலே வரும். ஆனால் பல மணி நேரம் நீந்தும்போது அதே உப்பு அக்குளிலும் கழுத்திலும் தோலை உராய்ந்து புண்ணாக்கும். நாக்கும் தொண்டையும் தடித்துவிடும். நன்னீரில் மட்டும் பழகியவருக்கு இவை முன்கூட்டித் தெரிவதில்லை. நெடுந்தொலைவு நீச்சல் வீரர்கள் குளத்தில் எவ்வளவு பயின்றாலும் இறுதி மாதங்களைக் கடலில் செலவிடுவதற்கு இது ஒரு காரணம்.

கிணற்றில் கற்றவர்களுக்கு மூச்சடக்குதலும் நீரில் நின்றபடி மிதத்தலும் நன்கு கைவரும். ஒரே வேகத்தில் நேர்கோட்டில் நீண்ட நேரம் நீந்தும் பழக்கம் குறைவாக இருக்கும். போட்டி நீச்சலுக்கு இது தனியாகக் கற்பிக்கப்பட வேண்டும்.

நேரத்தால் அளந்த காலம்

பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவராக அறியப்படும் நவரத்தினசாமி, 1954 மார்ச்சு மாதம் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தினார். இதற்கு ஏறத்தாழ 27 மணி நேரம் ஆனது. ஒரு பகலும் ஓர் இரவும் நிற்காமல் நீந்தும் இத்தகைய முயற்சிகளுக்கு, அன்றைய தெற்காசியாவில் நீண்ட நேரம் நீரில் இருப்பதே பயிற்சியாகக் கருதப்பட்டது.

இதற்குத் தெளிவான சான்று வங்காளத்தில் கிடைக்கிறது. 1959-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்ணான ஆரதி சாகா, அதற்கு முன் கொல்கத்தா தேசபந்து பூங்காவின் குளத்தில் தொடர்ந்து 8 மணி நேரம் நீந்தினார். பின்னர் தொடர்ந்து 16 மணி நேரம் நீந்தினார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று கால்வாயைக் கடக்க அவருக்கு ஆன நேரம் 16 மணி 20 நிமிடம். கடக்க வேண்டிய நேரத்தை முன்கூட்டிக் குளத்திலேயே நீந்திப் பார்க்கும் முறை அது. பாகீரதி ஆற்றில் ஜங்கிப்பூரிலிருந்து பெர்காம்பூர் வரை 81 கிலோமீட்டர் நடத்தப்படும் நெடுந்தொலைவுப் போட்டியும் வங்காளத்தில் இந்தப் பழக்கத்தை வளர்த்தது.

1958 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியரான மிகிர் சென், 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி நேரத்துக்கும் மேலாக நீந்தினார். இந்தியக் கடற்படை அவருக்குத் துணையாகச் சென்றது. அதே ஆண்டில் ஜிப்ரால்டர், தார்தனெல்சு, பொசுபரசு ஆகிய நீரிணைகளையும் பனாமா கால்வாயையும் நீந்தினார். ஐந்தும் வெவ்வேறு வெப்பமும் ஓட்டமும் கொண்ட நீர்நிலைகள்.

1971 மார்ச்சில் வழக்குரைஞரான குமார் ஆனந்தன், இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்து திரும்பவும் இலங்கைக்கு நீந்தினார். இருவழிப் பயணத்துக்கு 51 மணி நேரம் ஆனது. 'ஆழிக்குமரன்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அவர் நீந்திய விரைவு சராசரியாக மணிக்கு ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். விரைவைவிட உறக்கத்தையும் களைப்பையும் தாங்கும் ஆற்றலே அந்தச் சாதனையின் அடிப்படை.

வெளியுலகில் ஏற்பட்ட மாற்றம்

இதே காலத்தில் அமெரிக்காவிலும் ஆத்திரேலியாவிலும் போட்டி நீச்சல் பயிற்சி வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. அதன் மூலம் ஓட்டப் பயிற்சியில் உள்ளது. 1930-களில் செருமனியில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லர், இதய மருத்துவர் ஹெர்பெர்ட் ரைண்டெல் ஆகியோர் இடைவெளிப் பயிற்சியை வகுத்தனர். குறுகிய தொலைவை விரைவாக ஓடி, அளவான ஓய்வெடுத்து, மீண்டும் ஓடுவது இதன் முறை. இவ்வாறு பயின்ற ருடால்ப் ஹார்பிக் 1939-இல் 800 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்தார்.

நீச்சலில் இம்முறையைப் பரப்பியவர்களில் இருவர் முதன்மையானவர்கள். ஒருவர் ஆத்திரேலியாவின் ஃபோர்ப்சு கார்லைல். சிட்னிப் பல்கலைக்கழக உடலியங்கியல் பேராசிரியர் பிராங்கு காட்டனுடன் சேர்ந்து, போட்டிக்கு முன் பயிற்சியைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை ஆராய்ந்தார். குளக்கரையில் எல்லோரும் பார்க்கும்படி பெரிய வேகக் கடிகாரத்தை வைக்கும் பழக்கத்தைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர்.

மற்றவர் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜேம்சு கவுன்சில்மன். நீருக்கடியில் படமெடுத்துக் கையசைவை ஆராய்ந்த இவர், 1968-இல் வெளியிட்ட நீச்சல் அறிவியல் நூல் உலகெங்கும் பயிற்சியாளர்களின் கையேடானது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்ற மார்க் இசுபிட்சு இவருடைய மாணவர். 1979-இல் தம் 58-ஆம் வயதில் கவுன்சில்மனே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அப்போது அவ்வாறு கடந்தவர்களில் மிக மூத்தவர் அவர்தான். குளத்துக்காக வகுத்த அறிவியலை அவர் தம் உடலிலேயே திறந்த கடலில் சோதித்துப் பார்த்தார் எனலாம்.

இடைவெளிப் பயிற்சியின் அமைப்பு

இடைவெளிப் பயிற்சியில் பயிற்சியாளர் மூன்று எண்களைத் தீர்மானிக்கிறார். அவை தொலைவு, எத்தனை முறை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை புறப்பட வேண்டும் என்பன. பயிற்சியாளர்கள் இதை 'செட்' என்பர். எடுத்துக்காட்டாக, 10 × 100 மீட்டர், 1:40-க்கு ஒருமுறை என்றால், நீந்துபவர் ஒவ்வொரு 1 நிமிடம் 40 நொடிக்கும் சுவரிலிருந்து புறப்பட வேண்டும். 100 மீட்டரை 1:25-இல் முடித்தால் 15 நொடி ஓய்வு கிடைக்கும். 1:35 ஆனால் 5 நொடிதான் கிடைக்கும். வேகம் குறைந்தால் ஓய்வும் குறைகிறது.

இந்த மூன்று எண்களில் ஒன்றை மாற்றினாலே பயிற்சியின் நோக்கம் மாறிவிடும்.

- 20 × 100 மீட்டர், ஒவ்வொன்றுக்கும் இடையே 10 முதல் 15 நொடி ஓய்வு: நீண்ட நேரம் ஒரே வேகத்தில் நீந்தும் தாங்குதிறனை வளர்க்கும்.
- 8 × 50 மீட்டர், ஒவ்வொன்றுக்கும் இடையே 2 நிமிடம் ஓய்வு, முழு வேகம்: விரைவை வளர்க்கும். ஓய்வைக் குறைத்தால் இதன் பயன் போய்விடும்.
- 100, 200, 300, 400, 300, 200, 100 மீட்டர் என ஏறி இறங்கும் கூம்பு செட், மொத்தம் 1600 மீட்டர்: தொலைவு மாறினாலும் வேகத்தை மாற்றாமல் காக்கப் பழக்கும்.
- முதல் பாதியைவிட இரண்டாம் பாதியை விரைவாக நீந்தும் செட்: தொடக்கத்தில் ஆற்றலை வீணாக்காமல் இருக்கப் பழக்கும். கடல் நீச்சலுக்கு இது இன்றியமையாதது.

எந்த வேகத்தில் நீந்த வேண்டும் என்பதை ஊகிக்காமல் கணக்கிடவும் வழி உண்டு. சப்பானிய ஆய்வாளர் வாகாயோசியும் அவர் குழுவினரும் 1990-களின் தொடக்கத்தில் நீச்சலுக்கான எல்லை வேகம் என்ற கருத்தை முன்வைத்தனர். இதன் எளிய வடிவில் ஒருவர் 400 மீட்டரையும், போதிய ஓய்வுக்குப் பின் 200 மீட்டரையும் முழு முயற்சியுடன் நீந்துகிறார். 400 மீட்டருக்கு 6:00, 200 மீட்டருக்கு 2:52 என்றால், வேறுபாடு 3 நிமிடம் 8 நொடி. அதன் பாதியான 1:34, அவர் நீண்ட நேரம் தாங்கக்கூடிய வேகத்தில் 100 மீட்டருக்கு ஆகும் நேரத்தின் தோராய மதிப்பாகும். தாங்குதிறன் செட்டுகள் இந்த எண்ணை ஒட்டி அமைக்கப்படுகின்றன. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அளந்த தொலைவும் ஒரு கடிகாரமும் போதும்.

நெடுந்தொலைவு நீச்சலுக்கு இவற்றோடு வேறு சில பயிற்சிகளும் சேர்கின்றன. ஒரு நாள் 4 மணி நேரம், மறுநாள் மீண்டும் 4 மணி நேரம் என அடுத்தடுத்த நாட்களில் நீந்தி, களைத்த உடலோடு தொடங்கப் பழகுவது ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை படகைத் தொடாமல் மிதந்தபடி நீர் உணவை அருந்திப் பழகுவது மற்றொன்று. இரவில் படகு விளக்கைப் பார்த்து நீந்துவதும், அவ்வப்போது தலையை உயர்த்தித் திசை பார்ப்பதும் இவற்றில் அடங்கும்.

நீருக்கு வெளியே பயிற்சி

நீச்சல் வீரர்களுக்குத் தரையில் தனிப் பயிற்சி தேவை என்பதை நிலைநாட்டியவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1959 வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய இராபர்ட் கிப்புத். உடற்பயிற்சி ஆசிரியராகத் தொடங்கிய அவர், நீச்சல் பருவம் தொடங்குமுன் மாணவர்களைக் கப்பிக் கயிறு இழுத்தல், கனமான பந்தை எறிந்து பிடித்தல் போன்றவற்றில் பழக்கினார். அவருடைய அணிகள் 528 போட்டிகளில் வென்று 12-இல் மட்டுமே தோற்றன. தசை பெருத்தால் நீச்சல் கெடும் என்ற அக்கால நம்பிக்கையை இந்த முடிவுகள் ஐயத்துக்கு உள்ளாக்கின.

குமார் ஆனந்தனின் வாழ்விலும் தரைப் பயிற்சியின் தடத்தைக் காணலாம். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 1979-இல் 187 மணி நேரத்துக்கும் மேலாக மிதிவண்டி ஓட்டினார். 2 நிமிடத்தில் 165 முறை படுத்தெழுந்தார். 1981-இல் சென்னை மெரினாவிலுள்ள அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் நீரில் நின்றபடி மிதந்தார். இவை உலக சாதனைகளாகப் பதிவாயின. இவற்றில் பெரும்பாலானவை வேகத்தைவிடத் தாங்குதலை அளப்பவை. நேரத்தால் அளக்கும் பழைய மரபை அவர் தன் எல்லைவரை கொண்டுசென்றார்.

இன்றைய தரைப் பயிற்சிக்கு வலுவூட்டலோடு காயம் தடுத்தலும் நோக்கமாக உள்ளது. நெடுந்தொலைவு நீச்சல் வீரர் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை கையைத் தலைக்கு மேல் சுழற்றுகிறார். 1974-இல் கென்னடி, ஹாக்கின்சு என்ற மருத்துவர்கள் இதனால் வரும் தோள்வலியை 'நீச்சல் வீரர் தோள்' என்று பெயரிட்டு விளக்கினர். நீச்சலில் மார்புத் தசையும் முதுகின் அகன்ற தசையும் மிகுதியாக வலுப்பெறுகின்றன. தோள்மூட்டைச் சுற்றியுள்ள சிறு தசைகள் அந்த அளவு வலுப்பெறுவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய ரப்பர் பட்டையை வெளிப்புறமாக இழுத்தல், தோள்பட்டை எலும்பைப் பின்னிழுத்தல் போன்ற பயிற்சிகள் தரப்படுகின்றன.

தமிழ்நாட்டு உடற்பயிற்சிக் கூடங்களில் வழங்கும் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவையும் இதற்குப் பயன்படக்கூடியவை. தண்டால் மார்பையும் கையையும், பஸ்கி சுவரை உந்தித் தள்ளும் தொடையையும் வலுப்படுத்துகின்றன. கர்லாக்கட்டை தோளை முழுச் சுற்றளவில் சுழற்றப் பழக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இந்தியாவில் கண்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற பயிற்சி இது. நீச்சலுக்கு இலேசான கட்டையே ஏற்றது. கனம் கூடினால் ஏற்கனவே உழைத்துக் களைத்த தோளுக்குத் தீங்காகும். நீண்ட செட் நீந்திய உடனேயே கட்டை சுழற்றுவதைவிட, நீச்சலுக்கு முன் உடலைச் சூடாக்கும் பகுதியில் அதைச் சேர்ப்பது பொருத்தமானது.

குளிரும் வெப்பமும்

1984 ஆகத்து 6 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் குமார் ஆனந்தன் உயிரிழந்தார். அவருக்கு வயது 41.

அவர் இருமுறை கடந்த பாக்கு நீரிணையும் அவர் உயிர்நீத்த கால்வாயும் தொலைவில் நெருங்கியவை. கால்வாயின் குறுகிய பகுதி ஏறத்தாழ 33 கிலோமீட்டர். நீரின் தன்மையில் இரண்டும் முற்றிலும் வேறானவை. கோடையிலும் கால்வாயின் வெப்பநிலை பெரும்பாலும் 15 முதல் 18 பாகை செல்சியசுதான். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்திச் செல்லும். குளிர்ந்த நீரில் கைகால் தசைகள் இறுகி, அசைவு சுருங்கி, வேகம் குறையும். வேகம் குறைந்தால் உடல் உண்டாக்கும் வெப்பமும் குறையும். பின்னர் சிந்தனை மங்கும். குளிர்க் கவச உடை அணியக் கால்வாய் நீச்சல் விதிகள் இடம் தருவதில்லை.

இந்தக் குளிரைத் தாங்குவதற்கு வெந்நிலத்தில் எத்தனை மணி நேரம் நீந்தினாலும் பயிற்சி கிடைக்காது. குளிர்ந்த நீரில் மீண்டும் மீண்டும், நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி நீந்தினால்தான் உடல் பழகும். இதனால்தான் கால்வாயில் நீந்த விரும்புபவர்கள் 16 பாகை செல்சியசோ அதற்குக் குறைவோ உள்ள நீரில் 6 மணி நேரம் நீந்தியதற்கான சான்றைக் காட்ட வேண்டும் என்ற விதி உள்ளது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்பவர்கள் இதற்காகப் பல வாரங்கள் முன்னதாகவே இங்கிலாந்து செல்கின்றனர்.

மிகுந்த வெப்பமும் உயிரைப் பறிக்கக்கூடியது. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் புசைராவில் வெதுவெதுப்பான கடலில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில், அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பென் தம் 26-ஆம் வயதில் இறந்தார். நீருக்குள் வியர்வை ஆவியாகாது என்பதால் உடல் தன்னைக் குளிர்விக்க முடியாது. இதன் பின் பன்னாட்டுப் போட்டிகளில் நீரின் வெப்பநிலை 31 பாகைக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு வந்தது. 16 பாகைக்குக் கீழும் போட்டி நடத்தப்படுவதில்லை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏப்ரல், மே மாதப் பயிற்சிகளைச் சூரிய உதயத்துக்கு முன் தொடங்கி முடிப்பதற்கும், குறுகிய இடைவெளியில் நீர் அருந்தச் செய்வதற்கும் இதுவே காரணம்.

குற்றாலீசுவரன்

1981 நவம்பரில் ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன், சிறுவயதில் கோடைக்கால நீச்சல் பயிற்சி முகாமில் நீந்தத் தொடங்கியவர். பயிற்சியாளர் கே. எஸ். இளங்கோவன் அவருடைய தாங்குதிறனைக் கண்டு நெடுந்தொலைவு நீச்சலுக்குத் திருப்பினார். 1994-இல் பாக்கு நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். ஒரே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து, மிகிர் சென்னின் 1966-ஆம் ஆண்டுச் சாதனையை முறியடித்தார். கால்வாயைக் கடந்தபோது அவருக்கு 12 வயது. 1996-இல் அருச்சுனா விருது பெற்றார்.

இவ்வளவு இளம் வயதுச் சாதனைகள் பயிற்சியின் அளவு குறித்த கேள்வியையும் எழுப்பின. சிறுவர்களின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். ஆகவே அவர்கள் பெரியவர்களைவிட விரைவாக வெப்பத்தை இழப்பர். வளரும் எலும்பு முனைகளும் தோள் மூட்டும் மிகைப் பயிற்சியால் எளிதில் பாதிக்கப்படும். 1988-இல் இங்கிலாந்தின் தாமஸ் கிரெகரி 11 வயது 11 மாதத்தில் கால்வாயைக் கடந்தார். பின்னர் கால்வாய் நீச்சலுக்கான குறைந்தபட்ச வயது 16 என உயர்த்தப்பட்டது.

ஆதரவாளர்கள் கிடைக்காததால் குற்றாலீசுவரன் 1990-களின் இறுதியில் போட்டி நீச்சலை விட்டுப் பொறியியல் படிப்புக்குச் சென்றார். துணைப்படகு, வெளிநாட்டுத் தங்கல், குளிர்நீர்ப் பயிற்சி ஆகியவற்றின் செலவு, நெடுந்தொலைவு நீச்சலில் திறமைக்கு இணையான தடையாக இன்றும் உள்ளது.

ஓய்வும் பயிற்சியின் பகுதி

கூடுதல் தொலைவு கூடுதல் பயன் தரும் என்ற நம்பிக்கை 1970-களிலும் 1980-களிலும் உலகெங்கும் வலுவாக இருந்தது. அமெரிக்க உடலியங்கியலாளர் டேவிட் காசிட்டில் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. கல்லூரி நீச்சல் வீரர்களில் ஒரு குழு நாள்தோறும் ஒருமுறையும், மற்றொரு குழு 6 வாரங்கள் நாளுக்கு இருமுறையும் பயின்றது. இருமுறை பயின்றவர்களுக்குக் கூடுதல் முன்னேற்றம் கிட்டவில்லை. அப்போட்டிகள் குறுந்தொலைவைச் சேர்ந்தவை என்பதால், 30 கிலோமீட்டர் நீந்த வேண்டியவர் தொலைவைக் குறைத்துவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. எனினும் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்பதை இது வலியுறுத்தியது.

போட்டிக்கு முன் இரண்டு அல்லது மூன்று வாரங்கள் தொலைவைப் படிப்படியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் காத்துக்கொள்வது இன்று பொது வழக்கம். பயிற்சியாளர்கள் இதை 'டேப்பர்' என்பர். கடலை நீந்துபவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. குளப் போட்டியின் நாள் முன்பே உறுதியாகத் தெரியும். கடலில் காற்றும் ஓட்டமும் இணங்கும் நாளுக்காகக் கரையில் காத்திருக்க நேரலாம். அந்த நாட்களில் முற்றிலும் ஓய்ந்துவிடாமலும், களைத்துவிடாமலும் குறுகிய செட்டுகளை நீந்துவதே வழக்கம்.

இன்றைய நிலை

2004-இல் வங்காளத்தின் புலா சௌத்ரி பாக்கு நீரிணையை ஏறத்தாழ 14 மணி நேரத்தில் கடந்தார். 2021 ஏப்ரலில் ரொசான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று திரும்ப எடுத்த நேரம் 28 மணி 19 நிமிடம். ஐம்பது ஆண்டுகள் நிலைத்த ஆனந்தனின் 51 மணி நேரச் சாதனை இதனால் முறியடிக்கப்பட்டது. வழியும் நீரோட்டமும் ஒவ்வொரு முறையும் மாறுவதால் நேரங்களை அப்படியே ஒப்பிட முடியாது. எனினும் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 1.2 கிலோமீட்டரிலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பது, வேகத்தை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி கடல் நீச்சலிலும் பரவிய காலத்தோடு பொருந்துகிறது.

தமிழ்நாட்டில் 1995-ஆம் ஆண்டுத் தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிகளுக்காகச் சென்னை வேளச்சேரியில் அமைக்கப்பட்ட 50 மீட்டர் நீச்சல் குள வளாகம் இன்றும் முதன்மையான பயிற்சிக் களமாக உள்ளது. 2008 பெய்ஜிங் முதல் 10 கிலோமீட்டர் மராத்தான் நீச்சல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற பின், குள நீச்சலுக்கும் திறந்த நீர் நீச்சலுக்கும் இடையிலிருந்த இடைவெளி குறைந்துள்ளது.

நீச்சல் குளம் இல்லாத கடலோர வட்டங்களிலும் பயிற்சியின் பெரும்பகுதியை வகுக்க முடியும். ஏரியில் இரு மிதவைகளுக்கு இடையே 50 மீட்டரை அளந்துகொண்டால் இடைவெளி செட்டுகளை நடத்தலாம். தண்டால், பஸ்கி, இலேசான கர்லாக்கட்டை, ரப்பர் பட்டை ஆகியவை தரைப் பயிற்சிக்குப் போதும். ஏரியானாலும் கடலானாலும் தனியாக நீந்தாமல், துணைப்படகும் மீட்கத் தெரிந்த ஒருவரும் உடனிருக்க வேண்டும் என்பது மட்டும் எந்த நீருக்கும் மாறாத விதியாகும்.